மாறாத வேலை தேடுகிறவர்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறைத் தொழிற்சாலைகளில் எங்கே பார்ப்பது, என்ன கேட்பது

தினமும் ஒரே வேலையைச் செய்தால் அலுக்காதா என்று கேட்கிறவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. காலையில் எந்த மேசையில் இருக்கப்போகிறேன், கைக்கு என்ன வரும், எத்தனை மணிக்குத் தேநீர், எத்தனை மணிக்கு வீடு என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் மனம் வேலையில் நிற்கும் என்கிற சிலர் இருக்கிறார்கள். வீட்டில் அவர்களை வளைந்து கொடுக்கத் தெரியாத பிள்ளை என்பார்கள். களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ் ஏறிப்போய், ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் பயிற்சிப் பிரிவில் பல வருடங்கள் புதியவர்களுக்குத் தையல் இயந்திரம் பழக்கியவள் நான். தரப் பரிசோதனைக்கு ஆள் கேட்டால், அந்த வளையாத பிள்ளைகளைத்தான் முதலில் அனுப்புவேன். ஆனால் அவர்களில் பலர் சில மாதங்களிலேயே வேலையை விட்டு நின்றதையும் பார்த்திருக்கிறேன். வேலை கடினம் என்பதால் அவர்கள் போகவில்லை. ஒழுங்கு இருக்கும் என்று நம்பி, நாளுக்கு நாள் மாறும் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆகவே என் முதல் ஆலோசனை இதுதான். என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இங்கே எது மாறும், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும், மாறினால் அதை யார், எப்போது சொல்வார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லும் தொழிற்சாலையில் உங்களால் நின்றுபிடிக்க முடியும்.

உங்களுக்கு எது மாறக்கூடாது

எல்லோருக்கும் ஒரே மாதிரியான ஒழுங்கு தேவைப்படுவதில்லை. சிலருக்குக் கையசைவு ஒன்றாக இருக்க வேண்டும். சிலருக்கு வேலையின் வரிசை மாறக்கூடாது. கையில் வருவது நெல்லானாலும் பாலானாலும் கவலையில்லை. இன்னும் சிலருக்கு நேரமும் பஸ்ஸும்தான் முக்கியம். பக்கத்தில் இருப்பவர் மாறினாலே தவித்துப்போகிறவர்களும் உண்டு.

என் பெறாமகன் சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்கிறான். இரவு எட்டு மணிவரை நிற்கச் சொன்னால் முகம் சுளிக்கமாட்டான். ஆனால் அவன் செய்துகொண்டிருக்கும் படிமுறையின் நடுவில் “அதை விட்டுவிட்டு இதைச் செய்” என்றால் அன்று முழுக்க ஆள் சரியில்லை. “பெரியம்மா, நேரம் போகட்டும், வரிசை போகக்கூடாது” என்பான். வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை செய்த என் தாய்மாமன் வேறு விதம். காலை, மாலை, இரவு என்று முறை மாறி மாறி வரும் வேலை அவருக்குப் பிரச்சினையாகவே இருந்ததில்லை. அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கிறது, அடுத்த மாதம் எந்த நாளில் எந்த முறை என்று எனக்கு இப்போதே தெரியும், இதைவிட ஒழுங்கு என்ன வேண்டும் என்பார். முறை மாற்றம் என்றாலே பயந்து ஒதுங்கத் தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். முன்கூட்டியே எழுதப்பட்ட மாற்றமும் ஓர் ஒழுங்குதான்.

ஓர் ஒற்றைத் தாளில் இவற்றை எழுதிப் பாருங்கள்: கை, வரிசை, நேரம், இடம், ஆள். எது மாறினால் உங்களால் தாங்கவே முடியாதோ அதன் கீழே கோடு போடுங்கள். இரண்டுக்கு மேல் கோடு போட்டால் வேலை கிடைப்பது கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆடைத் தொழிற்சாலைக்குள் எந்தக் கதிரை

எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் முதலில் போகும் வாசல் ‘கார்மென்ட்’. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தையல் லைன் என்றால் ஒரே தையலைக் காலம் முழுக்கத் தைப்பதுபோலத் தோன்றும். ஓர் ஓடர் ஓடும்வரை அது உண்மைதான். ஒருவர் தோள்பட்டை மட்டும் மூட்டுவார், அடுத்தவர் கழுத்துப் பட்டி, அதற்கடுத்தவர் ஓவர்லொக். ஓடர் முடிந்து புதிய மாதிரி உள்ளே வரும் நாளில்தான் உண்மை தெரியும். இயந்திரங்களை இழுத்து இடம் மாற்றுவார்கள், தோள்பட்டை மூட்டியவருக்குப் பொக்கற் வரும், மணித்தியால இலக்குப் பலகையில் புதிய எண் ஏறும், முதல் இரண்டு நாளும் மேற்பார்வையாளரின் குரலும் ஏறும். ஒழுங்கை விரும்புகிறவர்கள் உடைந்துபோவது அந்த நாட்களில்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. பல இயந்திரங்கள் பழகினால் தரம் உயரும், கொடுப்பனவும் கூடும். ஆனால் அப்படிப் பழகியவரைத்தான் ‘ஜம்பர்’ ஆக்குவார்கள். யார் வரவில்லையோ அவருடைய கதிரையில் அன்றைக்கு அவர். சுறுசுறுப்பான பிள்ளைகளுக்கு அது பெருமை. உங்களுக்கு அது தண்டனை. ஓர் இயந்திரத்தில் மிகச் சிறந்த ஆளாக இருப்பதே போதும் என்று முடிவெடுத்தால், சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

தையல் லைனுக்கு வெளியேதான் உங்களுக்கான கதிரைகள் அதிகம். வெட்டும் பிரிவில் துணியை அடுக்கடுக்காக விரிப்பவர்கள், வெட்டிய துண்டுகளுக்கு இலக்க ஸ்டிக்கர் ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒரே அடுக்கில் வெட்டிய முன்பக்கமும் கையும்தான் ஓர் உடுப்பில் சேர வேண்டும். மாறிச் சேர்ந்தால் ஒரே உடுப்பில் இரண்டு நிறச் சாயல் தெரியும். உடுப்பு எந்த மாதிரியாக மாறினாலும் இலக்கமிடும் முறை மாறாது. பொறுமையும் கண்ணும் உள்ளவருக்கு அது அருமையான வேலை.

நான் யாருக்கும் தயங்காமல் சொல்வது மெட்டல் டிடெக்டர் அறையை. முடிந்த உடுப்புகள் பெட்டிக்குள் போவதற்கு முன் அந்த இயந்திரத்தின் பட்டியில் ஏறி மறுபக்கம் வரும். உள்ளே ஊசித் துண்டு இருந்தால் பட்டி நின்று மணி அடிக்கும். இயந்திரம் சரியாகப் பார்க்கிறதா என்பதை அங்கே இருப்பவர் குறித்த நேரத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் அளவிலான இரும்பு மணி பதித்த சோதனை அட்டையை இடது, நடு, வலது, அவை ஒவ்வொன்றிலும் மேல், நடு, கீழ் என ஒன்பது இடங்களில் அனுப்பி, ஒன்பதிலும் மணி அடித்ததா என்று பதிந்து கையெழுத்திட வேண்டும். அடுத்த சோதனைக்கும் அதே ஒன்பது. கதவுக்குள் வேறு யாரும் வரக்கூடாது என்பதும் விதி. இதைப்போல் காவல் உள்ள அமைதி ஒரு தொழிற்சாலையில் வேறெங்கும் கிடைக்காது.

ஊசி கொடுக்கும் மேசையும் அப்படித்தான். லைனில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளும் கிடைக்க வேண்டும். கிடைத்த துண்டுகளைத் தாளில் வைத்து, ஊசி முழுமையாக இருக்கிறதா என்று பொருத்திப் பார்த்து, பதிவேட்டில் ஒட்டி, திகதியும் நேரமும் இயந்திர இலக்கமும் எழுதிய பிறகே புதிய ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த இடத்திலிருந்த உடுப்புகளை ஒதுக்கி, டிடெக்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். இலக்கு பின்தங்குகிறது, ஊசியைத் தா என்று மேற்பார்வையாளர் அவசரப்படுத்துவார். அப்போது கொடுக்காமல் இருக்கும் ஆள்தான் அந்த மேசைக்கு வேண்டும். வீட்டில் வளையாத பிள்ளை என்று பெயரெடுத்தவருக்கு இங்கே அதுவே தகுதி.

இந்த இடங்களுக்குப் புதியவர்களை நேரடியாக எடுப்பது குறைவு. உதவியாளராகவோ இயந்திரம் ஓட்டுநராகவோ சேர்ந்து, பதிவேடு ஒழுங்காக எழுதுகிறவர் என்று பெயர் எடுத்தால் அழைப்பார்கள். சேரும்போதே ஆட்சேர்ப்பு அலுவலரிடம், “இடம் வந்தால் என்னையும் பாருங்கள்” என்று சொல்லி வையுங்கள்.

அரிசி ஆலை

சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கங்களில் அரிசி ஆலை இல்லாத திசை இல்லை. நெல்லின் தூசும் கல்லும் நீங்கி, ஊறி, அவிந்து, உலர்ந்து, உமி போய், தவிடு போய், நிறம் பிரிந்து மூட்டையாகும் வரிசை எந்த நாளும் மாறாது. வரிசைப் பிரியர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் பெறாமகனைப் பார்த்து வந்த எண்ணம்.

அவன் உலர்த்தும் இடத்திலும் உமி நீக்கும் இயந்திரத்திலும் நிற்கிறான். அவித்த நெல்லின் ஈரம் ஏறத்தாழ 14 சதவீதத்துக்கு இறங்கும்வரை குறித்த இடைவெளியில் மாதிரி எடுத்து ஈரமானியில் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு அனுப்பினாலும், மிகைக்கு உலர விட்டாலும் அரிசி உடையும். உமி நீக்கும் இயந்திரத்தில் இரண்டு றப்பர் உருளைகள் எதிரெதிராக, ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழலும். அந்த வேக வித்தியாசம்தான் உமியை உரித்தெடுக்கிறது. றப்பர் தேயத் தேய இடைவெளியை நெருக்க வேண்டும். அவன் ஒரு கைப்பிடி அரிசியை வெள்ளைத் தட்டில் பரப்பி, உரியாத நெல் எத்தனை, உடைந்த குருணை எத்தனை என்று எண்ணுவான். பிறகுதான் திருகாணியில் கை வைப்பான். எண்ணாமல் திருகுகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது.

பொய்லர் அறை தனி உலகம். 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமிதான். நெல்லை அவிக்கும் நீராவிக்கு அந்த உமியே விறகு. நீர்மட்டக் கண்ணாடி, அழுத்தமானி, அடியில் சேரும் கசடை வெளியேற்றுவது என்று முறை தவறாமல் பார்க்கும் ஆளுக்கு அது ஏற்ற வேலை. பயிற்சி இல்லாமல் மட்டும் அதைத் தொடாதீர்கள். கண்ணாடியில் நீர் தெரியவில்லை என்றால் பதறித் தண்ணீர் விடக்கூடாது. தீயை நிறுத்தி, பொறுப்பானவரை அழைக்க வேண்டும். கொதித்துக் காய்ந்த கலனுக்குள் நீர் போனால் அது வெடிக்கலாம். இதைக் கேள்வி கேட்காமல் கடைப்பிடிக்கும் சுபாவம் உள்ளவரைத் தேடி ஆலைக்காரர்கள் அலைகிறார்கள்.

ஆலையில் மாறுவது பருவம். பெரும்போக அறுவடை நெல் ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை வந்து குவியும். சிறுபோகம் ஜூலை கழிந்து வரும். அந்த மாதங்களில் நேரம் காலம் இல்லை. இடைப்பட்ட மாதங்களில் சில ஆலைகள் வேலை நாளைக் குறைக்கும். “நெல் குறைந்த மாதத்தில் எனக்கு என்ன வேலை, எத்தனை நாள்?” என்ற கேள்வியை மறந்துவிடாதீர்கள்.

வேறு இடங்கள், சுருக்கமாக

பால் குளிரூட்டும் நிலையங்களிலும் யோகட் செய்யும் சிறு தொழிற்சாலைகளிலும் வரிசையை மீற முடியாது. மீறினால் பால் திரையும். வந்த பாலை முகர்ந்து, பால்மானி வைத்து, சோதித்து, 4 பாகை செல்சியஸுக்குக் குளிரூட்ட வேண்டும். யோகட்டுக்குச் சூடாக்கிய பாலை 42 முதல் 45 பாகைக்கு இறக்கிய பிறகே உறை. குழாய் கழுவுவதற்கும் வரிசை உண்டு: தண்ணீர், காரக் கரைசல், தண்ணீர், தேவையான நாளில் அமிலம், மீண்டும் தண்ணீர். விடிகாலை எழும்ப முடிந்தால் இது நல்ல வேலை.

வாழைச்சேனை, கல்முனை போன்ற மீன்பிடிக் கரைகளில் ஐஸ் தொழிற்சாலைகள் இருக்கின்றன. உள்ளே இயந்திர அறையில் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் பதிந்துகொண்டிருப்பவருக்கு நாள் ஒன்றுபோலப் போகும். வாசலில் ஐஸ் ஏற்றுகிறவர்களுக்கு அப்படியில்லை. வள்ளம் எப்போது வருகிறதோ அப்போது வேலை. அறிவித்தலில் இரண்டையும் ஒரே பெயரால் எழுதியிருப்பார்கள். எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பல இடங்களில் குளிரூட்ட அமோனியா பயன்படுத்துவதால், கசிந்தால் ஓடும் வழி எது என்றும் கேளுங்கள்.

மருதமுனையின் கைத்தறி இன்னும் உயிரோடு இருக்கிறது. பாவு எனும் நீள நூல்களைத் தறியில் ஏற்றிவிட்டால் அது தீரும்வரை அதே சாரம், அதே கரை, அதே மிதி. மேலே நின்று அதட்டுவதற்கு ஆளில்லை. ஆனால் நெய்த அளவுக்குத்தான் கூலி. நூல் வராத வாரத்தில் கையில் எதுவும் வராது. வீட்டில் வேறொரு நிலையான வருமானம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஆள் வழங்கும் நிறுவனங்கள் மூலம் நாள் சம்பளத்துக்குப் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இன்று பொதி கட்டுதல், நாளை சுமை ஏற்றுதல், மறுநாள் வேறு ஊர். உங்களைப் போன்றவருக்கு அதைவிடப் பொருந்தாத ஏற்பாடு இல்லை.

சேருவதற்கு முன் செய்ய வேண்டியது

விண்ணப்பிக்கும் முன் ஒரு வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள், தொழிற்சாலை வாசலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் இருந்து பாருங்கள். வேலை விடும் நேரத்துக்கு பஸ்கள் ஒரே நேரத்தில் வெளியே வருகின்றனவா, ஒருநாள் ஐந்தரைக்கும் மறுநாள் ஏழுக்கும் வருகின்றனவா? நேர்முகத்தில் சொல்லப்படும் நேரத்தைவிட இந்தக் காட்சிதான் நம்பகமானது. மேலதிக நேர வேலை எப்போதாவது வரும் என்று சொல்வார்களே, அந்த ‘எப்போதாவது’ எவ்வளவு என்பதும் அங்கே தெரிந்துவிடும்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து போகிறவர்கள் வழியையும் பாருங்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் மாரியில் வெள்ளம் ஏறினால் உள்வீதிகள் மூடும். வெள்ள நாளில் தொழிற்சாலை பஸ் எங்கே வரை வரும், வர முடியாத நாள் லீவாகக் கழியுமா என்று முதலிலேயே கேட்டு வைத்தால், டிசம்பரில் தடுமாறத் தேவையில்லை.

நேர்முகத்தில் “எனக்கு மாற்றம் பிடிக்காது” என்று சொல்லாதீர்கள். அது குறையாகத்தான் அவர்கள் காதில் விழும். “சொல்லித்தந்த ஒழுங்கை விடாமல் செய்வேன், பதிவேடு அன்றன்றே எழுதுவேன், லீவு குறைவாக எடுப்பேன்” என்று சொல்லுங்கள். இரண்டும் ஒரே சுபாவம்தான். பிறகு உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்: கடைசியாக இந்தப் பகுதியில் வேலை முறை எப்போது மாறியது? அப்போது எத்தனை நாளுக்கு முன் சொன்னீர்கள்? வேலைப் படிமுறை இயந்திரத்தின் பக்கத்தில் தமிழில் ஒட்டப்பட்டிருக்கிறதா? அதைக் காட்ட முடியுமா? சிரித்து மழுப்பினால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

முதல் மாதங்கள்

ஒரு சிறு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தைத் திறக்கும் வரிசை, மூடும் வரிசை, யாரிடம் எதற்குப் போவது என்று உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். மேற்பார்வையாளரிடம் ஒருமுறை தனியாகப் பேசுங்கள்: “அண்ணன், இடம் மாற்றுவதாக இருந்தால் முதல் நாள் மாலை சொல்லுங்கள், காலையில் ஆயத்தமாக வருவேன்.” பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள்; அவர்களுக்கும் தலைவலி குறையும். திடீரென மாற்றத்தான் வேண்டும் என்றால், எவ்வளவு நேரத்துக்கு, அங்கே சரி பிழை சொல்வது யார் என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டு போங்கள்.

பழகிய பிறகு வரும் ஆபத்து வேறு. கை தானாக ஓடத் தொடங்கும், கண் ஓய்ந்துவிடும். குளிரறை ஒன்றின் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். எட்டு மணித்தியாலத்துக்கும் ஒரே எண், ஒரே மை, ஒரே சாய்வு. மின்சாரம் நின்ற மணித்தியாலத்திலும் வெப்பநிலை அசையவில்லை! காலையிலேயே உட்கார்ந்து மாலைவரை எழுதி முடித்திருக்கிறார். ஒழுங்கை விரும்புகிறவர் செய்யக்கூடாத ஒன்று இருந்தால் அது இதுதான். மானியைப் பார்த்த பிறகே பேனையை எடுங்கள்.

உடம்பையும் கவனியுங்கள். ஒரே அசைவு மணிக்கட்டையும் கழுத்தையும் பிடிக்கும். கதிரையின் உயரத்தை முதல் நாளே சரிசெய்யச் சொல்லுங்கள். ஆலையில் தூசுக் கவசம், இரைச்சல் உள்ள இடத்தில் காதடைப்பு. தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கடதாசிகள்

நியமனக் கடிதமும் மாதாந்தச் சம்பளச் சிட்டையும் இல்லாத இடத்தில் மற்ற ஒழுங்கும் இருக்காது. சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழியும், தொழில்தருநர் 12 சதவீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் தம் பையிலிருந்து 3 சதவீதம் தனியாகக் கட்ட வேண்டும். உங்கள் அங்கத்துவ இலக்கத்தை எழுதி வாங்குங்கள். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபாவாக இருந்தது, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. சிட்டையில் அடிப்படைச் சம்பளம் இதற்குக் கீழே இருந்து, கொடுப்பனவுகளால் நிரப்பியிருந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தால் பணிக்கொடை உண்டு: மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். நாலரை வருடத்தில் கோபித்துக்கொண்டு விலகுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

ஒரே இயந்திரத்தில் சில வருடம் நின்றவர், வகுப்புக்குப் போகாமலே தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு முயலலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் அருகிலுள்ள நிலையத்தில், முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் பெற விரும்புகிறேன் என்று சொல்லுங்கள். மதிப்பீட்டாளர் நீங்கள் வேலை செய்வதைப் பார்ப்பார், ஆதாரங்களைக் கேட்பார். சேவைக் கடிதம், தொழிற்சாலைக்குள் பெற்ற பயிற்சிச் சான்றுகள், அந்தச் சிறு கொப்பி ஆகியவற்றைக் கோவையாக்கி எடுத்துச் செல்லுங்கள். தொழிற்சாலைப் பதிவேட்டின் பிரதி வேண்டுமானால் முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே எடுங்கள்.